நாடிழந்து வந்தவர் நமக்குத் தந்த ஊசி

(சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

இன்றைய கூட்டத்தின் முன் இருக்கும் வேலை ஒன்றுதான். லயம் லயமாகச் சுகாதார முகாம் நடத்துவது என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. குழந்தைகளுக்கான தடுப்பூசிகளும் அதில் உண்டு. முடிவு வெளியானவுடனேயே கேள்விகள் கிளம்பிவிட்டன. "ஊசி போட்டால் பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிறது, மறுநாள் காட்டுக்குப் போக முடியவில்லை, அரைக்கூலியும் போய்விடுகிறது" என்கிறார்கள் சிலர். "ஊசி எல்லாம் கம்பெனிக்காரன் லாபத்துக்கு" என்கிறார்கள் வேறு சிலர். "நம்மைத்தான் பரிசோதனை எலியாக்குகிறார்கள்" என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு.

இந்தக் கேள்விகளைக் கேட்பவர்களை அறிவில்லாதவர்கள் என்று நாம் தள்ளிவிடப் போவதில்லை. ஏழைக்குச் சந்தேகம் வருகிறதென்றால் அதற்கு ஒரு சரித்திரம் இருக்கும். ஆகவே அந்தச் சரித்திரத்தையே இன்று எடுத்துக்கொள்வோம். இந்த நாட்டில் கூலி ஜனங்களுக்கு ஊசி என்பது எப்படி வந்தது? கொண்டு வந்தவர் யார்? அவர் நம்மை எப்படி நடத்தினார்? அவரை இந்த உலகம் எப்படி நடத்தியது?

அவர் பெயர் வால்டெமார் மொர்தெகாய் ஹாஃப்கின். நம்மைப் போலவே பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்தான். நம்மில் பெரும்பாலோர் ஒரு மலையைக் கடந்து வந்தோம். அவர் கடந்து வந்தது நாலு தேசங்களை.

ஒடெசாவில் பிறந்த யூதர்

ஹாஃப்கின் 1860 மார்ச் 15ஆம் நாள் ஒடெசா நகரத்தில் பிறந்தார். கருங்கடல் கரையில் உள்ள துறைமுகம் அது. அன்று ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது, இன்று உக்ரைன் நாட்டில் இருக்கிறது. 2022ல் யுத்தம் தொடங்கியபோது உக்ரைனில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த தமிழ்நாட்டு, கேரளப் பிள்ளைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டி ஓடிவந்ததைப் பார்த்தோம் அல்லவா? அந்த நாடுதான். இன்று நம் பிள்ளைகள் வைத்தியம் படிக்க அங்கே போகிறார்கள். 130 வருஷத்துக்கு முன்னால் அங்கே பிறந்த ஒருவர் நமக்கு வைத்தியம் செய்ய இங்கே வந்தார்.

அவர் யூதக் குலத்தில் பிறந்தவர். ருஷ்யப் பேரரசில் யூதர்கள் எங்கே குடியிருக்கலாம், எத்தனை பேர் படிக்கலாம் என்பதற்கெல்லாம் கட்டுப்பாடு இருந்தது. 1881ல் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டபோது பழி யூதர்கள் தலையில் விழுந்தது. கும்பல் கும்பலாக வந்து யூதர் வீடுகளைச் சூறையாடினார்கள். ஒடெசாப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஹாஃப்கின், வீடுகளைக் காக்க நின்ற இளைஞர்களோடு சேர்ந்து நின்று காயம்பட்டார். பிடிபட்டுச் சிறைக்கும் போனார். அவருடைய ஆசிரியர் இலியா மெச்னிகோவ் தலையிட்டதால் வெளியே வந்தார். கார்கிவ் பக்கத்தில் பிறந்த இந்த மெச்னிகோவ், உடம்பு நோய்க்கிருமியோடு எப்படிப் போராடுகிறது என்று கண்டு சொன்னதற்காகப் பின்னாளில், 1908ல், நோபல் பரிசு பெற்றவர்.

மாணவராக இருந்தபோது ஜாருக்கு எதிரான புரட்சி இயக்கத்தோடு ஹாஃப்கினுக்குத் தொடர்பு இருந்தது. போலீஸ் கண்காணிப்பும் இருந்தது. படிப்பில் கெட்டிக்காரர். ஆனால் பல்கலைக்கழகத்தில் உயர்ந்த பதவி வேண்டுமானால் மதம் மாறி ஞானஸ்நானம் பெற வேண்டும் என்றார்கள். அவர் மறுத்துவிட்டார். விலங்கியல் காட்சிசாலையில் சாதாரண வேலை ஒன்றோடு ஆறு வருஷம் தள்ளினார்.

சான்றிதழில் உள்ள ஜாதியையும், ரேஷன் கார்டில் உள்ள ஊர்ப் பெயரையும் வைத்து வேலை மறுக்கப்படுவது என்ன என்று நம்மவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தேசம் வேறு, காலம் வேறு. கதவு சாத்தப்படும் சத்தம் ஒன்றுதான்.

நூலகத்து உத்தியோகம்

1888ல் அவர் நாட்டை விட்டுக் கிளம்பினார். முதலில் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா. மறுவருஷம் பாரிஸ். அங்கே லூயி பாஸ்டரின் ஆராய்ச்சி நிலையத்தில் மெச்னிகோவ் சேர்ந்திருந்தார். சீடனுக்கு அங்கே கிடைத்த காலியிடம் ஆராய்ச்சியாளர் பதவி அல்ல, நூலகத்தில் உதவியாளர் வேலை. பகலில் புத்தகம் எடுத்துக் கொடுத்துவிட்டு, மிச்ச நேரத்தில் சோதனைச் சாலையில் ஓர் ஓரத்தில் நின்று வேலை கற்றார். பேரேடு எழுதுகிற எங்களைப் போன்ற குமாஸ்தாக்கள் இதைக் கேட்டுச் சற்று நிமிர்ந்து உட்காரலாம்!

அவர் எடுத்துக்கொண்ட எதிரி காலரா. நம் பாட்டிமார் வாந்திபேதி என்றும், பெயரைச் சொல்லவே பயந்து 'கொள்ளை' என்றும் சொன்ன அதே நோய். காலையில் கொழுந்து எடுக்கப் போனவள் மாலையில் பிணமாகும் நோய். 1884ல் கல்கத்தாவுக்கு வந்த ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் கோக், சேரிக் குளத்துத் தண்ணீரிலேயே அந்தக் கிருமியைக் கண்டிருந்தார். கிருமி தெரிந்துவிட்டது. தடுப்பு தெரியவில்லை.

ஹாஃப்கின் செய்தது இதுதான். கிருமியை ஒரு வகையில் வளர்த்து வீரியத்தைக் குறைத்தார். இன்னொரு வகையில், ஆய்வு விலங்குகளின் உடலில் ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தி வீரியத்தைக் கூட்டினார். முதல் ஊசி வீரியம் குறைந்தது. உடம்பு அதைச் சமாளித்துப் பழகிக்கொள்ளும். சில நாள் கழித்து இரண்டாவது ஊசி வீரியம் கூடியது. பழகிய உடம்பு அதையும் தாங்கும். அதன்பின் உண்மையான நோய் வந்தால் உடம்பு ஆயத்தமாக இருக்கும்.

இதை முதலில் யாருக்குப் போட்டார்? 1892 ஜூலை 18ஆம் நாள் தனக்கே போட்டுக்கொண்டார். காய்ச்சல் வந்தது, வலித்தது, சரியாயிற்று. ஆறு நாள் கழித்து இரண்டாவது ஊசியையும் போட்டுக்கொண்டார். பிறகுதான் நண்பர்கள் சிலர் முன்வந்தார்கள். "நம்மைத்தான் பரிசோதனை எலியாக்குகிறார்கள்" என்று கேட்ட தோழர்கள் இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் எலி அவரேதான்.

அப்போது ருஷ்யாவில் காலரா பரவிக்கொண்டிருந்தது. தன்னை விரட்டிய அந்த நாட்டுக்கே மருந்தைத் தர முன்வந்தார். அவர்கள் ஏற்கவில்லை. முன்னாள் வைஸ்ராயும், அப்போது பாரிஸில் பிரிட்டிஷ் தூதருமாக இருந்த டப்ரின் பிரபுவின் உதவியால் அவருக்கு இந்தியாவின் வாசல் திறந்தது. 1893 மார்ச்சில் கல்கத்தாவில் வந்து இறங்கினார்.

கல்லெறிந்த சேரியும் காத்திருந்த கூலியும்

ஆரம்பத்தில் வடநாட்டுப் பட்டாளங்களிலும் ஊர்களிலும் ஊசி போட்டார். உண்மையான பரீட்சை 1894ல் கல்கத்தாவின் சேரிகளில் வந்தது. வெள்ளைக்காரத் தோற்றத்தில் ஒருவர் கண்ணாடிக் குழலும் ஊசியுமாக வந்து நின்றால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? கல்லெறிந்தார்கள். அவர் போலீசைக் கூப்பிடவில்லை. கூட இருந்த வங்காள டாக்டர்களும் அவரும் ஜனங்களின் கண் முன்னாலேயே தங்களுக்கு ஊசி போட்டுக்கொண்டார்கள். அதைப் பார்த்த பிறகே ஜனங்கள் கையை நீட்டினார்கள்.

கட்டல் பாகான் என்ற சேரியில் காலராவுக்கு இரண்டு பேர் இறந்த செய்தி வந்ததும் அங்கே போனார். ஏறக்குறைய 200 பேர் குடியிருந்தார்கள். 116 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். அதன்பின் அந்தச் சேரியில் 10 பேருக்கு நோய் கண்டது, 7 பேர் இறந்தார்கள். பத்துப் பேருமே ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள்.

அவருடைய முறையை நாம் கவனிக்க வேண்டும். ஊர் முழுவதற்கும் போட்டுவிட்டு "பார், நோய் போயிற்று" என்று சொல்லவில்லை. ஒரே சேரி, ஒரே குளம், ஒரே சாப்பாடு. அதில் போட்டவர் எத்தனை, போடாதவர் எத்தனை, யாருக்கு வந்தது என்று வீடு வீடாகக் கணக்கெடுத்தார். கணக்கு சரியாக இருந்தால்தான் உண்மை நிற்கும். வருகைப் பதிவில் பெயர் விட்டுப்போய்க் கூலி இழந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

அடுத்துப் போனது எங்கே தெரியுமா? அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களுக்கு. சோட்டா நாகபுரியிலிருந்தும் மற்ற பிரதேசங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான கூலிகளை ஆற்றுப்படகுகளில் அடைத்து அஸ்ஸாமுக்குக் கொண்டுபோனார்கள். வழியிலேயே காலரா கூட்டம் கூட்டமாக வாரிக்கொண்டு போயிற்று. அந்தக் கூலிகளிடையே ஹாஃப்கின் தம் வேலையை விரித்தார். இடையில் மலேரியா பிடித்து 1895ல் ஐரோப்பா போனவர், 1896ல் திரும்பி வந்து மீண்டும் அதே தோட்டங்களுக்குப் போனார்.

அதே காலத்தில் நம் மூதாதையர் என்ன நிலையில் இருந்தார்கள்? மதுரைச் சீமையிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் கங்காணியின் முன்பணத்தை வாங்கிக்கொண்டு போடிநாயக்கனூர், குரங்கணி வழியாகக் கால்நடையாகவே கண்ணன் தேவன் மலைக்கு ஏறினார்கள். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி வழியாகப் பீர்மேட்டுக்கு ஏறினார்கள். பொள்ளாச்சி, கொல்லங்கோடு பக்கத்திலிருந்து ஆனைமலைக்கும் நெல்லியாம்பதிக்கும் ஏறினார்கள். குளிர், மலேரியா, வாந்திபேதி மூன்றும் காத்திருந்தன. அஸ்ஸாம் கூலியின் கதையும் நம் கதையும் ஒரே துணியில் கிழித்தவை.

எலியும் நெய்யும்

1896ல் பம்பாயில் பிளேக் வெடித்தது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைத் தின்ற நோய் அது. ஹாஃப்கினை பம்பாய்க்கு அழைத்தார்கள். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும் கொடுத்தார்கள். கையாள் சொற்பம். மூன்று மாதம் இரவு பகலாக உழைத்துப் பிளேக் தடுப்பு மருந்தை ஆக்கினார். 1897 ஜனவரி 10ஆம் நாள், பழைய வழக்கப்படியே, முதல் ஊசியைத் தமக்குப் போட்டுக்கொண்டார்.

அந்த மருந்து செய்த விதத்தில் ஒரு சிறப்பு உண்டு. கிருமியை வளர்க்க இறைச்சிச் சாறு வேண்டும். மாட்டிறைச்சி என்றால் இந்துவுக்கு மனம் ஒப்பாது, பன்றி என்றால் முஸ்லிமுக்கு ஆகாது என்று ஆட்டிறைச்சிச் சாற்றைப் பயன்படுத்தினார். சாற்றின் மேல் சில துளி நெய் மிதக்கவிட்டார். நெய்த்துளியின் அடியிலிருந்து கிருமி விழுதுவிழுதாகத் தொங்கி வளரும். அதைச் சூடாக்கிக் கிருமியைக் கொன்று மருந்தாக்கினார். தன் மதத்துக்காக வேலையை இழந்த மனிதர், மற்றவர் மதத்தை மதித்து மருந்து செய்தார்.

1898ல் பரோடா சமஸ்தானத்தில் உந்தேரா என்ற கிராமத்தில் ஒரு கணக்கெடுத்தார்கள். பிளேக் புகுந்த குடும்பங்களில், ஒரே வீட்டில் பாதிப் பேருக்கு ஊசி, பாதிப் பேருக்கு இல்லை. ஊசி போடாத 64 பேரில் 27 பேருக்கு நோய் வந்தது, 26 பேர் இறந்தார்கள். போட்ட 71 பேரில் 8 பேருக்கு வந்தது, 3 பேர் இறந்தார்கள். இதற்கு மேல் என்ன வியாக்கியானம் வேண்டும்?

1899ல் பம்பாய் பரேலில் பழைய கவர்னர் மாளிகையில் அவருடைய ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. 1925 வரை அங்கிருந்து 2 கோடியே 60 லட்சம் பேருக்கான பிளேக் மருந்து போயிற்று. அந்த ஆண்டில்தான் நிலையத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். நம் பிள்ளைகள் வாயில் விட்ட போலியோ சொட்டு மருந்தைத் தயாரித்த இடங்களில் அவர் பெயர் தாங்கிய பம்பாய் நிறுவனமும் ஒன்று.

பலாத்காரம் ஒரு வழி, நம்பிக்கை ஒரு வழி

பிளேக்கைத் தடுக்க அரசாங்கம் தனக்கென்று ஒரு வழியை எடுத்தது. 1897ல் தொற்றுநோய்ச் சட்டம் கொண்டுவந்தது. பூனாவில் பட்டாளத்தை வீடுகளுக்குள் ஏவினார்கள். பூஜையறை வரைக்கும் பூட்ஸ் கால் போயிற்று. அந்தக் கோபத்தில்தான் சாபேகர் சகோதரர்கள் 1897 ஜூன் 22 இரவு பிளேக் அதிகாரி ராண்டைச் சுட்டார்கள்.

இரயில்வேக்காரர்கள் என்ற முறையில் நாம் ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். இந்தச் சட்டம் இரயில் பிரயாணிகளைப் பரிசோதிக்கத் தனியாகவே அதிகாரம் கொடுத்தது. மூட்டை முடிச்சோடு வரும் மூன்றாம் வகுப்புக்காரர்களை இறக்கி நிறுத்தினார்கள். மதராஸ் மாகாணத்தில் 'பிளேக் பாஸ்போர்ட்' என்ற ஒன்றே இருந்தது. நோய் கண்ட பகுதியிலிருந்து வருகிறவன் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு, போய்ச் சேர்ந்த ஊரில் பத்து நாள் தினமும் அதிகாரி முன் போய் நிற்க வேண்டும். தினக்கூலிக்காரன் பத்து நாள் போய் நின்றால் அடுப்பு எப்படி எரியும்? கோயம்புத்தூரில் இன்றும் பிளேக் மாரியம்மன் என்று கும்பிடுகிறார்கள். அதிகாரியிடம் சொல்ல முடியாததை ஜனங்கள் அம்மனிடம் சொன்னார்கள்.

இந்தப் பாஸ்போர்ட் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2020ல் அதே 1897ஆம் வருஷத்துச் சட்டத்தைத்தான் மறுபடி தூசி தட்டி எடுத்தார்கள். அந்த மே மாதம் வாளையாறு சோதனைச் சாவடியில், பாஸ் இல்லை என்று கைக்குழந்தையோடு வெயிலில் நின்றவர்களை நாம் பார்த்தோம். குமுளியும் போடிமெட்டும் அடைபட்டன. இந்தப் பக்கம் கூலி, அந்தப் பக்கம் தாய் தகப்பன். நோய்க்கு எல்லை தெரியவில்லை, நமக்கு மட்டும் எல்லை தெரிய வைத்தார்கள்.

ஹாஃப்கினின் வழி வேறு. யாருக்கும் கட்டாயப்படுத்தி ஊசி போடக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். விளக்கிச் சொல், நீ முதலில் போட்டுக்கொள், விரும்பியவனுக்குப் போடு, கணக்கைக் காட்டு. ஆகா கான் போன்ற சமூகத் தலைவர்கள் எல்லோரும் பார்க்கத் தாங்களே ஊசி போட்டுக்கொண்டார்கள், அவர்களைப் பார்த்து ஜனங்கள் வந்தார்கள். பட்டாளத்தின் துப்பாக்கியால் பெற முடியாத சம்மதத்தை அந்த ஊசி பெற்றது.

ஒரு புட்டியும் ஒரு பழியும்

இவ்வளவு செய்தவருக்குக் கிடைத்தது என்ன? கவனித்துக் கேளுங்கள்.

1902 அக்டோபர் 30ஆம் நாள் பஞ்சாபில் மல்கோவால் என்ற கிராமத்தில் 107 பேருக்குப் பிளேக் ஊசி போட்டார்கள். அவர்களில் ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் தனுர்வாதம் என்ற வில்வாத ஜன்னி கண்டு இறந்தார்கள். பெரிய துயரம். அந்தக் குடும்பங்களின் கண்ணீரை நாம் சிறிதாக்கிப் பேச மாட்டோம். ஆனால் பழி யார் மேல் விழுந்தது? பல நூறு மைல் தள்ளி பம்பாயில் இருந்த ஹாஃப்கின் மேல் விழுந்தது. அவர் சோதனைச் சாலையிலேயே மருந்து கெட்டுவிட்டது என்றது விசாரணைக் குழு. அவரைப் பதவியிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். 1904ல் இந்தியாவை விட்டே போனார்.

ஆனால் அதே தொகுதியில் தயாரான மற்றப் புட்டிகளால் யாருக்கும் கெடுதல் இல்லை. அந்தப் புட்டியைத் திறந்தபோது உதவியாளர் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்தது, அதைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் அதைக்கொண்டே தக்கையை எடுத்தார்கள் என்பது சாட்சியத்திலேயே இருந்தது. தனுர்வாதக் கிருமி குடியிருப்பது மண்ணில். இதைப் பார்க்க யாருக்கும் அவசரமில்லை. கொசுவால் மலேரியா பரவுவதைச் சிக்கந்தராபாத்தில் கண்டறிந்த ரொனால்டு ராஸ் அவருக்காகக் குரல் கொடுத்தார். அவரும் வேறு அறிஞர்களுமாகப் பத்துப் பேர் கையெழுத்திட்டு 1907 ஜூலையில் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் கடிதம் வெளியிட்டார்கள். அதன் பிறகே அந்த வருஷக் கடைசியில் அவர் குற்றமற்றவர் என்று ஏற்றார்கள்.

ஐந்து வருஷம்! இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். ஆனால் பம்பாயில் அவர் உண்டாக்கிய நாற்காலி அவருக்கு இல்லை. கல்கத்தாவில் ஓர் இடம் கொடுத்து, ஆராய்ச்சியோடு நின்றுகொள் என்றார்கள். ஜனங்களிடம் போய் ஊசி போட்டுப் பார்க்கும் வேலை அவருக்குத் தரப்படவில்லை. முதல் உலக யுத்தம் தொடங்கிய காலத்தில் ஓய்வு பெற்று ஐரோப்பா போனார். திருமணம் செய்துகொள்ளாத அந்த மனிதர் 1930 அக்டோபர் 26ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார்.

அவருக்கு ஏன் இந்தக் கதி? மருத்துவப் பட்டம் வாங்காதவர், விலங்கியல் படித்தவர் என்று பட்டம் பெற்ற இராணுவ டாக்டர்கள் முகம் சுளித்தார்கள். ருஷ்யாக்காரன், ஒற்றனோ என்று சந்தேகித்தவர்களும் உண்டு. யூதன் என்பது கூடுதல் குற்றம். வேலை நன்றாக நடக்கும்போது 'நம் விஞ்ஞானி', தவறு என்று ஒன்று கிளம்பியதும் 'அந்நியன்'. திருட்டுப் போனால் முதலில் தமிழன் லயத்தைச் சோதனை போடு என்று சொல்லக் கேட்ட நமக்கு இந்த நியாயம் புதிதல்ல. பல ஆண்டுகள் கழித்து, 1964ல், இந்திய அரசு அவர் உருவத்தோடு தபால்தலை வெளியிட்டது. தபால்தலை நல்லதுதான். நாற்காலியை உரிய காலத்தில் கொடுத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

ஊசியும் வேண்டும், தண்ணீரும் வேண்டும்

தோழர்களே, ஒரு மனிதரைப் புகழ்வதற்காக மட்டும் நாம் கூடவில்லை. அவர் வேலையின் மறுபக்கத்தையும் பேச வேண்டும்.

தோட்ட முதலாளிகள் ஏன் அவரை வரவேற்றார்கள்? கூலி செத்தால் கொடுத்த முன்பணம் போகும், கொண்டுவந்த செலவு போகும். ஊசி மலிவு. நல்ல தண்ணீர்க் குழாய் போடுவது, கக்கூஸ் கட்டுவது, காற்றோட்டமுள்ள வீடு கட்டுவது செலவு. சிறைக்கைதிகளிடமும் கூலிகளிடமும் சோதனை நடந்ததென்றால் அவர்களை எளிதில் ஓரிடத்தில் எண்ண முடியும் என்பதும் ஒரு காரணம். இதையெல்லாம் சந்தேகப்படுகிற தோழர் சொல்லும்போது அவர் பக்கம் நியாயம் உண்டு. காலராவுக்கான அந்த ஊசியின் பலன் சில காலமே நின்றது. குளம் அசுத்தமாகவே இருந்தால் காலரா திரும்பி வரும். பிளேக் எலித் தெள்ளுப்பூச்சியால் பரவுகிறது என்று 1898ல் பிரெஞ்சு டாக்டர் சிமோன் காட்டினார். எலி ஏன் நம் வீட்டில் குடியிருக்கிறது? வீடு அப்படி இருப்பதால்தான்.

ஆனால் இதிலிருந்து 'ஆகவே ஊசி வேண்டாம்' என்று முடிவு கட்டுவது முதலாளிக்கே லாபம். தண்ணீருக்குப் போராடுகிறவன் உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா? ஊசி நம் பிள்ளையின் உரிமை. தண்ணீர் நம் குடும்பத்தின் உரிமை. ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

நம் மலைக்குப் பக்கத்திலேயே இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்த ஒரு டாக்டர் இருந்தார். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்த பி.எச். டேனியல், தொழிலாளரின் நோய்க்கு மருந்து எழுதியதோடு நிற்கவில்லை. நோய்க்குக் காரணமான வாழ்க்கையையே 'ரெட் டீ' என்ற பெயரில் 1969ல் நாவலாக எழுதினார். தமிழில் அது 'எரியும் பனிக்காடு' ஆயிற்று. வங்காளத்தில் திலீப் மகலநாபிஸ் என்ற டாக்டர் இருந்தார். 1971ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது நரம்பு வழியாக ஏற்றும் குளுக்கோஸ் தீர்ந்துபோயிற்று. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை டிரம்களில் நிரப்பி, தாய்மார் கையாலேயே குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு 30 என்று இருந்த சாவு 4க்கும் கீழே இறங்கியது. இன்று அங்கன்வாடியில் தரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அகதி முகாமில் பரீட்சை தேறிய மருந்து. வைத்தியத்தில் பெரிய காரியங்கள் பெரிய மாளிகையில்தான் நடக்கும் என்று யாரும் எண்ண வேண்டாம்.

நம் முன் உள்ள கடமை

இனி நம் விஷயம். 1951ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் ஆஸ்பத்திரி, குடிநீர், கக்கூஸ், வீடு எல்லாவற்றையும் நிர்வாகத்தின் கடமையாக்கியது. எத்தனை டிஸ்பென்சரியில் டாக்டர் இருந்தார், எத்தனையில் பூட்டு இருந்தது என்பது உங்களுக்கே தெரியும். பீர்மேடு தாலுகாவில் 2000ஆம் ஆண்டு வாக்கில் கைவிடப்பட்ட தோட்டங்களில் ஒழுகும் லயங்களிலேயே குடும்பங்கள் வருஷக்கணக்கில் கிடந்தன. 2020 ஆகஸ்டு 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, கரண்டும் இல்லை, டெலிபோனும் இல்லை. செய்தி வெளியே வரவே மறுநாள் காலையாயிற்று. 70 உயிர்கள் போயின. அந்தப் பெயர்களில் பெரும்பாலானவை நம் ஊர்ப் பெயர்கள். பிரசவ வலி எடுத்தால் தேவிகுளம் பக்கத்தவர் போடிமெட்டு இறங்கித் தேனிக்கு ஓடுகிறோம். பாலக்காட்டுப் பக்கத்தவர் வாளையாறு தாண்டிக் கோயம்புத்தூருக்கு ஓடுகிறோம்.

எல்லையின் இரு பக்கமும் மாறி மாறி வாழும் குடும்பத்துக் குழந்தைக்கு ஒரு ஊசி இங்கே, அடுத்த ஊசி அங்கே. அட்டை எங்கேயோ. பதிவு விட்டுப்போகிறது. 2016ல் மலப்புரம் மாவட்டத்தில், எல்லோரும் மறந்துவிட்ட தொண்டை அடைப்பான் நோய் திரும்பி வந்து உயிர்களைக் கொண்டுபோனது. ஊசி போடாத பிள்ளைகளைத்தான் அது தேடிப் பிடித்தது. மழைக்காலம் தோறும் எலிக்காய்ச்சல் வருகிறது. நோய் பூட்டிய கதவைத் தட்டிக் கேட்டு வருவதில்லை.

ஆகவே நிர்வாகக் குழுவின் சார்பில் உங்கள் முன் வைப்பவை இவை.

முதலாவது, முகாம் நாளில் சங்கப் பொறுப்பாளர்கள் தங்கள் குழந்தைகளோடும் பேரப்பிள்ளைகளோடும் வரிசையில் முதலில் நிற்க வேண்டும். விடுபட்ட ஊசி எதுவோ அதை எல்லோர் முன்னிலையிலும் போட்டுக்கொள்ள வேண்டும். ஹாஃப்கின் காட்டிய வழி அது. யாரையும் பயமுறுத்தக் கூடாது, யாரையும் கேலி செய்யக் கூடாது. வர மறுக்கும் வீட்டுக்கு மூன்று தரம் போய்ப் பேசுவோம்.

இரண்டாவது, லயத்துக்கு ஒரு நோட்டு. எந்தக் குழந்தை, எந்த வயது, எந்த ஊசி, எந்தத் தேதி. படித்த பிள்ளைகள் எழுதட்டும். தாயின் கையில் ஓர் அட்டை, சங்கத்தின் கையில் ஒரு நகல். குடும்பம் எந்தப் பக்கம் போனாலும் கணக்கு கூடவே போகும்.

மூன்றாவது, ஊசி போட்ட மறுநாள் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தாய்க்குக் கூலியோடு விடுப்பு வேண்டும் என்று நிர்வாகத்திடம் எழுதிக் கேட்போம். "அரைக்கூலி போய்விடுகிறது" என்று சொன்ன சகோதரிக்கு உபதேசம் பதில் ஆகாது, கூலிதான் பதில்.

நாலாவது, ஆரம்ப சுகாதார நிலையங்களில் அறிவிப்பும் மருந்துச் சீட்டு விளக்கமும் தமிழிலும் வேண்டும். இது பிச்சை அல்ல. கேரள ஆட்சிமொழிச் சட்டமே, 1969லிருந்து, தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதும் உரிமையைத் தந்திருக்கிறது. அந்த உரிமையின்படி மனுவைத் தமிழிலேயே எழுதுவோம். மலையாளச் சகோதரர்களும் கையெழுத்திடுவார்கள். ஏனெனில் அந்த டிஸ்பென்சரி பூட்டிக் கிடந்தால் அவர்கள் பிள்ளைக்கும் அதே கதிதான்.

ஐந்தாவது, ஒவ்வொரு லயத்திலும் தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ், கூரை, டிஸ்பென்சரி ஆகியவற்றின் நிலையை அந்த நோட்டின் பின்பக்கத்தில் எழுதுங்கள். முன்பக்கம் நாம் செய்த வேலை, பின்பக்கம் அவர்கள் செய்யாத வேலை. இரண்டையும் சேர்த்துத்தான் மாவட்ட ஆட்சியரின் மேஜையில் வைப்போம்.

தோழர்களே, பிறந்த மண்ணில் இடமில்லை என்று துரத்தப்பட்ட ஒருவர், மொழி தெரியாத ஒரு தேசத்தில், தன் இனத்தவரும் அல்லாத, கூலிக்கு ஆளான ஏழைகளின் உயிர் தன் உயிருக்குச் சமானம் என்று நினைத்தார். அதைப் பேச்சில் சொல்லவில்லை. ஊசியைத் தன் உடம்பில் குத்திக்கொண்டு காட்டினார். வந்தேறி என்று நம்மைச் சொல்லும் எவருக்கும் நாம் தரும் பதிலும் வேலையாகவே இருக்கட்டும். லயத்துப் பொறுப்பாளர்கள் இன்று போகும்போதே நோட்டை வாங்கிக்கொண்டு போங்கள். பெயர் எழுதும் வேலை நாளைக் காலையிலேயே தொடங்கட்டும்.